கிணறு ஊறும் நேரம்

உலகத்தில் மொத்தமே பத்து சந்தோஷமான விவசாயிகள்தான் என்றால், அதில் ஒன்பது பேர் என் அத்தை. மிச்சமிருக்கும் ஒருவர் அவளிடம் கடன் வாங்கிச் சிரிப்பவர்.

இத்தனைக்கும் அவளுக்கு இருப்பது மேட்டில் ஒரு துண்டு நிலம். வெண்டையும் மிளகாயும் போடுவாள். மோட்டாரைப் போட்ட கொஞ்ச நேரத்தில் கிணறு வற்றி, குழாய் காற்றைக் கக்கும். நிறுத்திவிட்டு, ஊறும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் அத்தை தொட்டிமேல் காலை நீட்டி உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கு இழுப்பாள்.

பெரியப்பாவின் வயல் பக்கத்து ஊரில், வாய்க்கால் ஓரம். போன வாரம் வந்தவர், "என் பக்கத்து வயல் சும்மாதாம்மா கிடக்கு. அங்க வந்துடு. எதுக்கு இந்தக் கல்லோட மல்லுக்கட்டறே? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு, இல்லேன்னா வேற ஆளுக்கு விட்டுடுவேன்" என்றார்.

"அங்க தண்ணி நிக்கவே நிக்காது, இல்லண்ணே?"

"நிக்காது."

"அப்ப வேலையும் நிக்காது. நீ கடைசியா எப்ப உட்கார்ந்தே?"

பெரியப்பா யோசித்தார். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருப்பார்.

ஆனால் அத்தை முடியாது என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்ணே" என்றாள். அந்தப் 'பாக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. அத்தை போனால் எனக்கென்ன நஷ்டம்? மிளகாய்ச் செடிக்குள் ரப்பர் பாம்பு வைத்தால் அலற ஆள் இருக்காது, அவ்வளவுதான். அவள் அலறியதும் கிடையாது. பாம்பை என் பள்ளிப் பைக்குள் போட்டுவிட்டாள், அலறியது நான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை போனைக் கட்டிலில் விட்டுவிட்டு மோட்டார் போடப் போனாள். அதிலிருந்து பெரியப்பாவைக் கூப்பிட்டேன். அத்தையின் குரலில் பேசுவது எனக்கு அத்துப்படி. "நான் வரலைண்ணே, இங்கேயே இருந்துக்கறேன்" என்று சொல்லி, அவர் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் தொட்டிப் பக்கம் வரச்சொன்னாள். கிணறு ஊறிக்கொண்டிருந்தது.

"வரலைன்னு காலையிலேயே அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்டி."

"அப்படியா அத்தை" என்று முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"மத்தியானம் மறுபடியும் கூப்பிட்டேனாம். இப்பத்தான் போன்ல கேட்டார். குரல் அச்சு அசல் என்னுதேதானாம். ஒண்ணுதான் அவருக்கு இடிக்குதாம்."

"என்னவாம்?"

"வரலைன்னு சொல்றதுக்கு நான் எதுக்குடி அழணும்?"