காலேஜை விட்டு நிற்க ஒரு கடிதம்

காலேஜில் சேர விண்ணப்பம் போட எங்கள் கடையில் முக்கால் மணி நேரம் ஆகும்; காலேஜை விட்டு நிற்கக் கடிதம் அடிக்க நாலு நிமிடம் போதும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப் எல்லாம் உண்டு. சர்வர் சுற்றுவதைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும், பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிபிக்குக் காத்திருந்தவர்களுக்கும் என் பாடு தெரியும். வீட்டில் நான் பேசுவது சௌராஷ்டிரம், கடையில் தமிழ், வெப்சைட்டில் இங்கிலீஷ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும்.

காரணம் என்ன போட?

நிற்கிற கடிதத்தில் காரணம் என்று ஒரு வரி எழுத வேண்டும். இந்தப் பதினோரு வருடத்தில் "கணக்கு வரவில்லை" என்றோ "காலையில் எழுந்திருக்க முடியவில்லை" என்றோ எழுதச் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் ஒரே காரணம்தான், குடும்பச் சூழ்நிலை. அதனால் அந்த வரியை நிரந்தரமாகவே அடித்து வைத்திருந்தேன். பெயரையும் ரோல் நம்பரையும் மாற்றினால் வேலை முடிந்தது.

ஒரு நாள் ஒரு பையன் அம்மாவோடு வந்தான். ஏழு பேப்பர் அரியர். கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்துவிட்டு, தாளை என் மேஜையிலேயே திருப்பி வைத்தார்.

"எங்க குடும்பச் சூழ்நிலை நல்லாத்தாம்மா இருக்கு. இவன் சூழ்நிலைதான் சரியில்ல, அதப் போடு."

வட்டிக்கும் ஒன்று

தெற்குவாசல் பக்கம் கைலிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் எங்கள் பழைய வாடிக்கையாளர். அவருடைய மகன் பேங்கில் கல்விக் கடன் வாங்கிப் படித்தவன், இரண்டாம் வருடத்தோடு நின்று செல்போன் கடை வைத்தான். நிற்கிற கடிதம் நான்தான் அடித்தேன். அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம், வாயைத் திறக்காமல் அடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து பேங்கிலிருந்து வந்த தபாலோடு பாய் வந்தார். படிப்பு முடிந்து கொஞ்ச காலம் கழித்துக் கட்டினால் போதும் என்றுதான் கடன் கொடுத்திருந்தார்கள். படிப்பே நின்றுபோனதால் அந்தச் சலுகைக் காலம் முன்னாலேயே ஓடி முடிந்து, வட்டியோடு தவணை கட்டச் சொல்லி எழுதியிருந்தார்கள். மிச்சக் கடனைத் தரமாட்டார்கள், அத்தோடு கணக்கு முடிந்தது என்று அவர் நினைத்திருந்தார். வரிவரியாகப் படித்துச் சொன்னபோது எனக்கே குற்ற உணர்வாக இருந்தது. அன்றிலிருந்து, நீ நின்றால் உன்னோடு சேர்ந்து எதெல்லாம் நிற்கும், எதெல்லாம் நிற்காது என்று கேட்காமல் கீபோர்டைத் தொடுவதில்லை. நல்லவேளை, பாய்க்குக் கோபம் வரவில்லை. தபாலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"பையன் நிக்கிறதுக்கு நீதான லெட்டர் அடிச்ச தாயி. வட்டி நிக்கிறதுக்கும் ஒண்ணு அடிச்சுக் குடு."

பிரிண்டர் ரிப்பேர்

போன வருடத்துக்கு முந்தின வருடம் மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள், திருவாதவூர் பாண்டி வந்தான். அவன் என்ஜினீயரிங் சேர்ந்தபோது முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டது நான்தான். வீட்டில் யாருமே பட்டம் வாங்காதிருந்தால், முதலாவதாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு அரசாங்கம் கொடுக்கும் கட்டணச் சலுகை அது. இரண்டு வருடம் ஒழுங்காகப் படித்தவன், நிற்கிற கடிதம் வேண்டும் என்றான்.

அரியர் இல்லை, காதல் இல்லை, காய்ச்சல் இல்லை. தங்கச்சி சுகன்யா பிளஸ் டூவில் அவனைவிட நூறு மார்க் கூட வாங்கிவிட்டாளாம். அவளுக்கும் என்ஜினீயரிங்தான் ஆசை. இரண்டு பேருக்குக் கட்ட அப்பாவின் வாழைத்தோட்டக் கூலி காணாது. சலுகையோ வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அதனால் இவன் விலகி, அதை அவளுக்கு விட்டுக்கொடுக்கப் போகிறான். பஸ்ஸில் நான் எழுந்தால் அவள் உட்காரலாம் இல்லையா என்கிற மாதிரி அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னான். இதே தங்கச்சியின் பெயரையும் சேர்த்து, இந்தச் சலுகையை வீட்டில் வேறு யாரும் வாங்கவில்லை என்று அந்தக் குடும்பத்துக்கு உறுதிமொழி அடித்துக் கொடுத்தவளே நான். ஒரு தடவை வாங்கிவிட்டால் வாங்கியதுதான், நீ நின்றாலும் அது அவளுக்குப் போகாது, அவளும் இழந்து நீயும் இழப்பாய் என்றேன். அவன் நம்பவில்லை. பிரிண்டர் ரிப்பேர், காலேஜ் ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் கேட்டுவிட்டு வா என்றேன். அப்போது பார்த்து யாரோ ஒருவரின் ஆதார் கார்டு அதே பிரிண்டரிலிருந்து அழகாக வெளியே வந்தது. பாண்டி அதைப் பார்த்தான். செருப்பை மாட்டும்போதுதான் பேசினான்.

"கேட்டுட்டு வாரேங்க்கா. ஆனா அவுகளும் இப்படித்தான் சொன்னாங்கன்னா, எந்தங்கச்சிகிட்ட நான் என்னக்கா சொல்ல?"

லீவு லெட்டர்

பாண்டி ஒரு வாரமாக வரவில்லை. அதற்குள் கோச்சடையிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். கல்யாணமாகி இருபது நாள். பெண் பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறவள். வீட்டில் வேலை கிடக்கிறது, படித்தது போதும் என்று மாமியார் முடிவு செய்து, கையோடு கடிதத்துக்கு அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண் ரோல் நம்பரைச் சொல்லும்போது குரலே எழும்பவில்லை.

வழக்கம்போல விசாரித்தேன். அரசுப் பள்ளியில் படித்தவள், அதனால் காலேஜ் படிக்கும்வரை அரசாங்கம் தருகிற மாதம் ஆயிரம் ரூபாய் அவள் பேங்க் கணக்குக்கு வந்துகொண்டிருக்கிறது. நின்றால் அது அந்த மாதமே நிற்கும் என்றேன். மாமியாருக்கு இந்த ஆயிரம் விஷயமே தெரியாது. மருமகளை ஒரு பார்வை, மானிட்டரை ஒரு பார்வை. அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமியார் என் பக்கம் குனிந்தார்.

"அடிச்ச வரைக்கும் அழிச்சிராதம்மா. இருபது நாளு வரலன்னு அதையே லீவு லெட்டரா மாத்திக் குடு."

அண்ணனும் தங்கையும்

ஒன்பதாம் நாள் பாண்டி தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவளுக்குக் காலேஜ் விண்ணப்பம் போட வேண்டுமாம். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் தெரியுமே. நிற்கிற லெட்டர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாயா பாண்டி என்று கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை அண்ணனைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அவளுக்கு ஒரு விவரமும் தெரியாது.

அவள் விடவில்லை, துருவித் துருவிக் கேட்டாள். காலேஜில் நான் சொன்னதையேதான் சொன்னார்களாம். ஆனாலும் அவன் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. சலுகை இல்லாவிட்டால் போகிறது, தான் நின்று திருப்பூருக்கு வேலைக்குப் போய் அவள் ஃபீஸைக் கட்டிவிடலாம் என்று திட்டம். விண்ணப்பம் போட்டு அவளை அனுப்பிவிட்டு என்னிடம் கடிதம் வாங்க இருந்திருக்கிறான். சுகன்யா கோபப்படவில்லை. சலுகை இல்லாமல் என்ஜினீயரிங்குக்கு வருடத்துக்கு எம்புட்டு ஆகும் என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். அவள் ஆசைப்பட்டது கைக்கு வராது என்று அவளுக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது, என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு, அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்தைத் திறக்கச் சொன்னாள். முதல் விருப்பம் பி.எஸ்சி. கணிதம். அங்கே ஃபீஸ் குறைவு, நீ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்ததால் அந்த மாதம் ஆயிரம் உனக்கும் வரும் என்றேன். தலையாட்டினாள். பாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள், எனக்குத்தான் கண்ணில் நீர் முட்டி அவள் பிறந்த தேதியைத் தப்பாக அடித்தேன்.

"நம்ம வீட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்தத நீ வாங்கிட்டண்ணே. அதுல என் பங்கும் இருக்கு. பாதியில நின்னு அதையும் கெடுத்துறாத."

பாண்டி கடைசி வருடத்துக்கு வந்துவிட்டான். அடிக்காமல் விட்ட கடிதங்களுக்கும் பக்கத்துக்கு இருபது ரூபாய் வாங்கியிருந்தால் நானும் இந்நேரம் கடைக்கு ஏசி போட்டிருப்பேன்.