திட்டு வாங்க வந்தவர்கள்

ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஆறு அறை கொண்ட ஒரு சின்ன லாட்ஜ். அதை நடத்துகிற அக்காவின் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. அக்காவுக்கு வாய் நீளம். அதைக்கூடத் தெரு பொறுத்துக்கொண்டிருக்கும். ஆனால் கரிநாக்கு என்று ஒரு பேரையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். எதிர்க்கடைக்காரர் புது ஸ்கூட்டர் வாங்கி நிறுத்தியபோது, பின்சக்கரம் ஆடுகிறதே என்று ஒரு வார்த்தை சொன்னாள். மூன்றாம் நாள் ஆள் காலில் கட்டோடு வந்தார். சக்கரம் நிஜமாகவே ஆடியது, அதனால்தான் அவள் சொன்னாள் என்று ஒரு புண்ணியவானும் யோசிக்கவில்லை.

ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். கூடப் பிறந்தவளும் அதை நம்பினாள் என்பதுதான் அக்காவுக்கு நெஞ்சில் தைத்த முள். மூன்று தெரு தள்ளி இருக்கும் தங்கை வீடு வாங்கியது, பெயின்ட் காய்ந்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. தங்கை மகள் பரீட்சை எழுதியது, மார்க் வந்த பிறகு. பதினான்கு வருஷமாக எந்த நல்ல காரியத்தையும் நடப்பதற்கு முன்னால் அக்காவின் காதில் போடுவதில்லை. எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிற அக்கா இதற்கு மட்டும் போடவில்லை. தங்கை வந்து சொல்லும்போது, அப்படியா, சந்தோஷம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றைக்குப் பூராவும் தரையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் உலகக் கால்பந்துப் போட்டி இந்த ஊருக்கும் வந்தது. எந்த நாட்டு ரசிகர்கள் வருகிறார்கள் என்று கேட்டவுடனே தெரு வாயில் கைவைத்தது. இருப்பதிலேயே கெட்ட பேர் எடுத்த கூட்டம். போன போட்டியின்போது எங்கேயோ ஒரு பூங்கா பெஞ்சைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டார்களாம். டீக்கடையில் அது நாலு பெஞ்சு ஆனது. சலூனுக்கு வந்தபோது ஒரு பஸ்ஸே தொட்டிக்குள் போயிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் லாட்ஜுக்கு வந்து, கண்ணாடிச் சாமான் எதையும் வெளியே வைக்க வேண்டாம் என்று எச்சரித்துவிட்டுப் போனார். அக்காவின் வீட்டுக்காரர் அறைக் கண்ணாடிகளைக் கழற்றினார், தம்ளர்களைத் துணியில் சுற்றினார், சுவர்க் கடிகாரத்தையும் எங்கோ ஒளித்தார். பயத்தில் எங்கே ஒளித்தோம் என்பதை மறந்துவிட்டார்.

மழை நாளில் வந்து சேர்ந்தார்கள், பதினொரு பேர். ஒவ்வொருவனும் கதவளவு உயரம். அக்கா அப்போதுதான் நடைவழியைத் துடைத்து நிமிர்ந்திருக்கிறாள். பதினொரு பேரும் சேற்றுப் பூட்ஸோடு அதன்மேல் நடந்து வந்து பெட்டிகளை இறக்கினார்கள். அவ்வளவுதான். முரடர்கள், போலீஸ் எச்சரிக்கை, பஸ் போட்ட தொட்டி, எல்லாம் அவளுக்கு மறந்தே போயிற்று.

"இது வீடா மாட்டுக் கொட்டகையாடா? இடுப்பு ஒடியத் துடைச்சு இன்னும் ஈரம் காயல. கண்ணை எங்க வச்சிருக்கீங்க, பின்னந்தலையிலயா? அரை ஊரு சேறு உங்க பூட்ஸ்லதான் இருக்கு. பெத்தவங்க சாப்பாடு போட்டாங்களே, மிதியடின்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லிக் கொடுத்தாங்களா?"

பத்து நிமிஷம் மூச்சு விடாமல் போனது. ஒரு வார்த்தையும் அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் திட்டு என்பது எந்த ஊரிலும் திட்டுதான். பதினொரு ராட்சசர்களும் கைகட்டி, தலைகுனிந்து, சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பிறகு பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, விரல்நுனியில் நடந்து அறைக்குப் போனார்கள். வீட்டுக்காரர் மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

அன்று மத்தியானம் அவர்களுடைய நாடு விளையாடியது. உலகப் போட்டியில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயித்திராத நாடு. அன்றைக்கு ஜெயித்துவிட்டது.

நாலு நாள் கழித்து இரண்டாவது ஆட்டம். காலையில் ஆறு பேர் தெருவில் இறங்கி, தேடிப் பிடித்து ஒரு சேற்றுக் குட்டையை மிதித்து, திரும்பி வந்து துடைத்த தரைமேல் வரிசையாக நின்றார்கள். அக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அன்றைக்குப் பதினைந்து நிமிஷம். முடிந்ததும் அவர்களில் தாடிக்காரன் பரவசத்தோடு கும்பிட்டுவிட்டுத் தன் போனை நீட்டினான். அது தமிழ் பேசியது. "அம்மா அவர்களே, அன்றைய திட்டுதலை மறுபடி வழங்கியதற்கு நன்றி. இது எங்கள் அதிர்ஷ்டம்." மற்ற ஐந்து பேர் இதையெல்லாம் நம்பாமல், சிரித்துக்கொண்டே நேராக மைதானத்துக்குப் போயிருந்தார்கள்.

ஆட்டம் டிராவில் முடிந்தது. அப்புறம் என்ன வேண்டும்? முழுத் திட்டுக்கு முழு வெற்றி, பாதித் திட்டுக்குப் பாதி வெற்றி. கணக்கு வாத்தியாரே வந்தாலும் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. சிரித்த ஐந்து பேரும் சாயங்காலம் வந்து அக்காவின் முன்னால் மண்டியிட்டார்கள்.

அக்கா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு நல்ல காரியத்துக்கு முன்னால், வாயை மூடு என்று சொல்லாமல் வாயைத் திற என்று கெஞ்சிய மனுஷர்களை அவள் பார்த்ததே இல்லை. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வெளியே வந்து, டீ யாருக்கெல்லாம் சர்க்கரை இல்லாமல் என்று அதட்டிக் கேட்டாள்.

மூன்றாவது ஆட்டம் இருக்கிறதே, அதுதான் கண்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று, அது வேறு ஊரில். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அக்காவுக்கோ அதற்கு மேலும் ஒரு கண்டம். இவர்கள் தோற்றுப்போனால், பார்த்தாயா, அவள் நாக்கு வெளிநாட்டுக்காரனையும் விடவில்லை என்று தெரு பேசும். தங்கை காதுக்கும் போகும். அந்தக் காலையில் பதினொரு பேரும் முழங்கால் வரை சேறு பூசிக்கொண்டு வந்து நின்றார்கள். அக்கா இடுப்பில் கையை வைத்தாள், வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

கோபம் வரவில்லை. எப்படி வரும்? ஒன்பது நாளில் மொட்டைத்தலையன் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்துவிட்டான். இன்னொருவன் மொட்டைமாடியில் காய்ந்த போர்வைகளை எல்லாம் மடித்துக் கொடுத்தான். தாடிக்காரன், தொட்டியில் பெஞ்சு போட்டது நாங்கள்தான், ஒரே ஒரு பெஞ்சு, அப்போது கழுதை வயது என்று தானாகவே ஒப்புக்கொண்டான். பாட்டுப் பாடித் தெருவைத் தூங்கவிடவில்லை, வாளி ஒன்றை உடைத்தார்கள், எல்லாம் உண்மை. ஆனாலும் அந்த மூஞ்சிகளைப் பார்த்துத் திட்ட நாக்கு எழவில்லை.

மைதானத்துக்குப் போகிற பஸ் இரண்டு மணிக்கு. மணி பதினொன்று ஆயிற்று. தாடிக்காரன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்குக் கோபம் வராமல் பார்த்துப் பார்த்து இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய வீட்டுக்காரரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பாவம் மனுஷன், ஈரத் துண்டைப் படுக்கைமேல் போட்டார். பதிவேட்டில் டீயைக் கொட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, உன் சமையலில் இருபத்தாறு வருஷமாக உப்பே இல்லை என்றார். அக்கா, அதையும் தின்னுட்டு இருந்தீங்களே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதிர்க்கடைக்காரர் நொண்டிக்கொண்டே வந்து, உங்கள் போர்டு கோணல் என்றார். ஆமாம், கோணல்தான் என்றாள். மணி ஒன்றரை.

வீட்டுக்காரர் களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி விடு. ஜெயிச்சா அடுத்த ஊருக்குப் போவாங்க, தோத்தா அவங்க ஊருக்குப் போவாங்க. எப்படியும் நாளைக்கு ரூம் காலி."

அவர் இதைக் கோபமூட்டச் சொல்லவில்லை. சும்மா சொன்னார். அக்காவின் சிரிப்பு நின்றது. பதினொரு பேரையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள்.

"யாரைக் கேட்டுடா கிளம்புறீங்க? போறவங்க எதுக்குடா வந்தீங்க? கூடப் பொறந்தவளே என் வாயைக் கண்டா கதவைச் சாத்துறா. நீங்க வரிசையில நின்னு கேட்டு வாங்கினீங்க. நல்லா வாங்கிப் பழக்கிட்டு இப்ப பையைத் தூக்கிட்டுப் போயிடுவீங்களா? நாளைக்கு நான் இந்தத் தரையை யாருக்குடா துடைக்கணும்?"

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அச்சில் ஏறாது. பஸ்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனான். தாடிக்காரன் போனை எடுக்கவே இல்லை. முடிந்ததும் பதினொரு பேரும் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினார்கள்.

இரண்டுக்கு ஒன்று. ஜெயித்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்து அக்காவை நாற்காலியோடு தூக்கித் தெருவெல்லாம் ஊர்வலம் விட்டார்கள். இறக்கித் தொலைங்கடா என்று அவள் போட்ட சத்தத்துக்கு இன்னும் உயரமாகத் தூக்கினார்கள். வீட்டுக்காரர் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அந்தக் கெட்ட பேர் எடுத்த கூட்டத்தால் இந்த ஊரில் உடைந்தது அந்த வாளியும் லாட்ஜின் போர்டும்தான். போர்டை உடைத்ததும் அக்காவின் முழங்கைதான். மறுநாள் காலை ஒவ்வொருவனும் குனிந்து அவளைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினான். அடுத்த ஊரில் நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். நேரில் திட்டு வாங்காத குறைதான், வேறென்ன என்று எதிர்க்கடைக்காரர் தீர்ப்புச் சொன்னார். தெரு ஒத்துக்கொண்டது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தங்கை வந்தாள், மகளோடு. மகள் கையில் ஒரு ஃபைல்.

"அக்கா, பத்து மணிக்கு இவளுக்கு இன்டர்வியூ. பேங்க் வேலை." தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முன்னாடியே சொல்லிடலாம்னு வந்தேன். நீ ஏதாவது சொல்லுக்கா."

அக்காவுக்கு வாய் வரவில்லை. தான் எதையாவது சொல்லி, இந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்காமல் போய்விட்டால்? அந்தப் பயம் இத்தனை வருஷமாகத் தனக்கும் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. துடைத்து வைத்த மேஜையையே புடவைத் தலைப்பால் மறுபடி துடைத்தாள்.

"பெரியம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றாள் பெண். "சீக்கிரம் திட்டுங்க."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பத்து மணிக்கு இன்டர்வியூவை வச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கிறியே, உனக்கு யாருடி வேலை கொடுப்பான்? தலையைப் பாரு, காக்கா கூடு கட்டியிருக்கு. ஃபைலைத் தலைகீழாப் பிடிச்சிருக்க. உங்கம்மாவுக்கு இதெல்லாம் கண்ணுல படாது, படுற கண்ணா அது, பதினாலு வருஷமா..."

பெண் சிரித்துக்கொண்டே படியிறங்கி ஓடினாள். தெருமுனையில் அவள் பஸ் ஏறுகிற வரைக்கும் அக்கா வாசலில் நின்று, கன்னத்தில் தண்ணீர் வழியத் திட்டிக்கொண்டே இருந்தாள். தங்கை அவள் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். போதும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.