கோபக் கோடும் கரிநாளும்

காந்திமதிநாதன் அண்ணாச்சிக்கு வாழ்நாளில் கோபமே வந்ததில்லை. ஆனால் இரண்டு புருவத்துக்கும் நடுவே ஆழமாக இரண்டு கோடு விழுந்து, இப்போதுதான் யாரையோ அடித்துவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார். டவுண் ரத வீதி ஜவுளிக்கடை ஒன்றில் அவருக்குப் பட்டுப் பிரிவு, பக்கத்தில் எனக்குத் துண்டும் லுங்கியும். கல்யாணப் பட்டு எடுக்க வருகிற பெண்கள் அவர் முகத்தைப் பார்த்ததும், "விலை கேட்டா வைவாரோ" என்று பயந்து, என்னிடம் துண்டு விலையைக் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள்.

தொண்ணூற்றெட்டில் முதலாளி பரமசிவன் ஒரே போடாகப் போட்டார்.

"ஏவே, தீபாவளிக்குள்ள உம்ம மூஞ்சியச் சரி பண்ணும். இல்லைன்னா பட்டுல உமக்கு எடம் கிடையாது."

இருபத்தாறு வருஷம் பட்டு மடித்த கை. மனுஷர் ஆடிப்போனார். பாளையங்கோட்டை தோல் டாக்டர் கிருபைராஜிடம் ஓடினார். கோடு விழ வைக்கிற சதையைத் தளர்த்த வெளிநாட்டில் ஒரு ஊசி இருக்கிறது, மருந்து கிடைத்தால் போடலாம் என்றார் டாக்டர். துபாயில் வேலை பார்த்த எங்கள் பழைய கூட்டாளி, காயல்பட்டினத்து மொகுதூம், விடுமுறைக்கு வரும்போது ஐஸ் பிளாஸ்க்கில் ஒரு குப்பி கொண்டுவந்தார். "குளிர்ச்சியா வச்சிக்கிடுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அண்ணாச்சியின் மனைவி வடிவம்மாள் மதினி காலண்டரைப் பார்த்தார்.

"நாளைக்கு அஷ்டமி. மறுநா நவமி. பொறவு கரிநாளு. முகத்துல குத்துத ஊசி, நல்ல நா பாத்துத்தான் போடணும்."

வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தது. ஆனால் சாமி காலடியில் வைத்தால் கூடுதல் பலன் என்று மதினிக்குத் தோன்றிவிட்டது. குளிர்ச்சிக்குத்தான் சந்தனம் இருக்கிறதே! குப்பி முழுக்கச் சந்தனத்தைப் பூசி, காலையும் மாலையும் கற்பூரம் காட்டி, நல்ல நாள் வரும்வரை ஒன்பது நாள் வைத்திருந்தார்.

பத்தாம் நாள் ஊசி போட்டாயிற்று. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது, கோடு அசையவில்லை. அண்ணாச்சி கண்ணாடியும் கையுமாகத் திரிந்த கவலையில் அது இன்னும் ஆழமானது என்றுதான் எனக்குப் பட்டது.

டாக்டர் குழம்பிப்போனார்.

"சில பேருக்கு மருந்து அளவு பத்தாது. சில பேரு உடம்பு ஏத்துக்கிடாது. ரொம்ப ஆழமான கோடு லேசுல போகாது. ஆமா, மருந்த எங்கன வச்சிருந்தீங்க?"

"சாமி ரூம்லய்யா. குளிர்ச்சியாத்தான் இருந்துச்சு. சந்தனமெல்லாம் பூசி."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "ஃப்ரிட்ஜுல வைக்காட்டா அது வெறுந்தண்ணி அண்ணாச்சி" என்றார்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது முதலாளி அவரைப் பட்டிலிருந்து தூக்கி, மாடிப்படிக்கு அடியில் கோடித்துணி விற்கப் போட்டார். செத்தவர்களுக்குப் போர்த்துகிற துணி. அண்ணாச்சி அன்று சோற்றுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

ஆனால் கோடி எடுக்க வந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். "எங்கப்பா போனதுக்கு எங்களவிட அந்த அண்ணாச்சிக்குத்தான் வருத்தம்" என்று ஊரெல்லாம் பேச்சு. களக்காட்டிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் பஸ் ஏறி அவரைத் தேடி வந்தார்கள். பொங்கலுக்குள் முதலாளி அவருக்கு நாற்காலியும் தனி ஃபேனும் போட்டுக் கொடுத்தார். நின்றே விற்கிற எங்களுக்கெல்லாம் பொறாமையாக இருந்தது.

சித்திரையில் மொகுதூம் மனசு கேட்காமல் இன்னொரு குப்பியைக் கொடுத்தனுப்பினார்.

"இந்தத் தடவ நேரா ஃப்ரிட்ஜுல வச்சிருதேன்" என்று மதினி கையை நீட்டினார்.

அண்ணாச்சி கொடுக்கவில்லை. தானே கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்து, தாராளமாகச் சந்தனம் பூசி, கற்பூரத்தை ஏற்றினார்.

"அவசரமில்ல வடிவு. நல்ல நாளா வரட்டும், பைய பாப்போம்."