முளை அடித்தவர்

யுத்தம் முடிந்த சமயம், அரியலூர் டவுனை ஒட்டிப் புது ரோடு போட வந்த ஓவர்சியர் நான். கோயில் வாசலில் ஊரைக் கூட்டி ஆட்சேபணை கேட்டேன். களத்தை விடச் சொன்னார்கள், தோப்பை விடச் சொன்னார்கள். நானும் வரைபடத்தில் ரோட்டுக் கோட்டை ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டே போனேன்.

எனக்கு அளவுச் சங்கிலி பிடித்தவர் ஒல்லியான, நரைத்த மனிதர். ரோடு போகும் வழிக்கு அடையாள முளை அடிக்கும் முன் அந்த இடத்து மண்ணை உள்ளங்கையால் தடவிச் சமன் செய்வார். ஊருக்கு வெளியே ஒரு குடிசை வாசலிலும் அப்படியே தடவி, முளையை அடித்தார். உள்ளே ஒரு பெண் அழுதாள்.

"யார் வீடுய்யா இது?"

"எங்க வூடுதாங்க."

"கூட்டத்துல ஏன் சொல்லல?"

"கோயில் வாசலுக்கு நாங்க வரக்கூடாதுங்களே. எங்க தெருவுல நீங்க வந்து கேக்கலைங்க." குரலில் கோபமே இல்லை.

அன்றே கோட்டை மாற்றச் சொல்லி மேலே எழுதினேன். மாற்றவில்லை. வேலை தொடங்கியபோது அங்கே குடிசை இல்லை. அவரைத் தேடி அந்தத் தெருவுக்குப் போனேன்.

"யாரைங்க தேடுறீங்க?" என்று கேட்டார்கள்.

ஒரு மாதம் கூடவே நடந்தவரின் பெயரை நான் கேட்டதே இல்லை.