ஈசானிய மூலையும் வெள்ளிமலை மழையும்

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே கால். எலவனாசூர்கோட்டையில் கள்ளக்குறிச்சி பஸ் ஏறியபோது என் சட்டைப்பையில் நான்காக மடித்த கட்டம் போட்ட தாள் ஒன்று இருந்தது. எங்கள் ஒன்றரை ஏக்கர் கொல்லை முழுவதும் அதில் அடக்கம். கிணறு வற்றிய பிறகு மூன்று மாதம் உட்கார்ந்து போட்ட திட்டம். தெற்கே காய்கறி, மேற்கே கொய்யா, வடகிழக்கில், அதாவது ஈசானிய மூலையில், மழைநீர் சேர ஒரு குட்டை. மறுநாள் காலை எட்டு மணிக்குக் குட்டை வெட்ட பொக்லைன் வருவதாக ஏற்பாடு. பத்து சென்ட் நிலம் குழியாகப் போகிறது. அதில் தண்ணீர் நின்றால் விவசாயம். நிற்காவிட்டால் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நான் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

இந்தத் திட்டத்தை யாராவது மெச்ச வேண்டும் என்று எனக்கு ஆசை. ஊரில் ஆள் கிடைக்காததால்தான் மலையேறினேன். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் சந்தைக்குச் சாமை விற்க வந்த மல்லிகா என்ற பெண், "நம்ம கொல்லையையும் வந்து பாருங்கண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

ஏழே கால் மணிக்குக் கள்ளக்குறிச்சி. பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. அங்கிருந்து கச்சிராயபாளையம். மலை பஸ் போய்விட்டதால் ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்று ஒரு ஜீப்பில் ஏறினேன்.

"மேல இன்னா சார் வேலை? அருவி பாக்கவா?" என்றார் ஓட்டுநர்.

"விவசாயம் பாக்க."

"நல்லா போச்சி! எங்க ஆளுங்க வேலைக்குக் கீழ எறங்கிக்கினு இருக்காங்க. நீங்க விவசாயம் பாக்க மேல ஏறுறீங்களா?"

வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. கோமுகி அணை கீழே ஒரு கைக்கண்ணாடி அளவுக்குச் சுருங்கியது. பிறந்ததிலிருந்து தூரத்து நீலமாகப் பார்த்த மலைக்குள்ளே இவ்வளவு பச்சை இருக்கிறது என்று ஐம்பது வயதில்தான் தெரிந்துகொள்கிறேன். வெட்கமாக இருந்தது.

பத்தரை மணிக்கு வெள்ளிமலை. இரண்டு கிலோமீட்டர் நடந்தால் சரிவில் மல்லிகாவின் கொல்லை. முதல் பார்வைக்குக் களை மண்டிக் கிடப்பதாக நினைத்துவிட்டேன். பிறகு எண்ணினேன். சாமைக்கு நடுவே துவரை, ஓரத்தில் அவரை, கல் வரப்பின் மேல் பூசணிக்கொடி, மேட்டில் பலா, இப்படிப் பதினொன்று. உர மூட்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மண்ணைக் கையில் அள்ளினால் கறுப்பாக, ஈரமாக உதிர்ந்தது.

ஆனாலும் என் தாளை நீட்டத் தவறவில்லை. மல்லிகா வெகுநேரம் பார்த்தார்.

"அழகா போட்டிருக்கீங்கண்ணா. மழ பேஞ்சா தண்ணி எந்தப் பக்கமா வெளிய போவுது?"

"குட்டைக்கு ஈசானிய மூலைதான் விசேஷம்."

"மூல இருக்கட்டுங்க. தண்ணிக்கு அது தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று நான் பார்த்ததே இல்லை. இருபத்திரண்டு வருடமாக உழுகிறேன். மழை தூறினால் முதல் ஆளாக வீட்டுக்கு ஓடுகிறவன் நான்.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. நான் கூரைக்கு ஓடினேன், மல்லிகா கொல்லைக்கு ஓடினார். போகிற போக்கில் ஒரு சாக்கின் மூலையை மடித்து என் தலையிலும் கவிழ்த்துவிட்டார். அவர் கையில் ஒரு கட்டுக் குச்சி. நானும் பின்னாலேயே இறங்கினேன்.

"புதுசா கொல்ல திருத்தினா மொத மழைக்கு ஒண்ணும் நட மாட்டோங்க. குச்சிதான் நடுவோம். தண்ணி எங்க அறுக்குது, எங்க நிக்குதுன்னு பாத்துக்கினே போயி அங்கங்க குத்தி வைப்போம். அப்புறந்தான் வரப்பு, வெத எல்லாம். வருஷத்துக்கு வருஷம் தண்ணி தடம் மாறும். அதான் இன்னும் நட்டுக்கினு இருக்கேன்."

மேட்டிலிருந்து செக்கச்செவேலென்று ஓடிவந்த தண்ணீர் முதல் கல் வரப்பில் முட்டித் தயங்கியது. வண்டலை அங்கேயே இறக்கிவிட்டு, விட்ட இடைவெளியில் நிதானமாக அடுத்த வரப்புக்கு இறங்கியது. நான்காவது வரப்பைத் தாண்டியபோது தெளிந்திருந்தது. நான் குனிந்து இரண்டு கையிலும் அள்ளிப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, மழையில் அது யாருக்கும் தெரியாது.

நான்கரை மணி பஸ்ஸில் மலையிறங்கினேன். கச்சிராயபாளையம் நெருங்கும்போதுதான் போனில் சிக்னல் வந்தது. மனைவி கனகாவைக் கூப்பிட்டேன்.

"அங்க மழையா?"

"ஊத்துது."

"கொஞ்சம் கொல்லைக்குப் போயி தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு பாரேன்."

"அத எதுக்குப் போயிப் பாக்கணும்? தென்மேற்கு மூலைல, வேப்பமரத்துகிட்ட. வருஷா வருஷம் வரப்ப ஒடைச்சிக்கினு போவுது. நீங்க வூட்ல தல தொவட்டிக்கினு இருப்பீங்க, நாந்தான மம்பட்டி எடுத்துக்கினு போயி அடைக்கிறேன்?"

"மூணு மாசமா ஏன் சொல்லல?"

"நீங்க இன்னா கேட்டீங்க, நான் சொல்ல?"

பக்கத்து சீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"நாளைக்குக் குட்டைய எங்க வெட்டணும்னு நீ நின்னு காட்டு."



"எத்தினி மணிக்குப் பொக்லைன் வருதுன்னு சொன்னீங்க?" என்றாள்.