நல்லாத்தான் இருக்குதுங்க

கும்மி வட்டத்திலிருந்து மாமா தானாக விலகிப் போய்க் கோயில் மதிலோரம் உட்கார்ந்த சாயங்காலம்தான் எனக்குப் பொறி தட்டியது.

மாமா என் அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் இருந்தபோது எல்லையில் கண்ணிவெடிக்கு வலது காலை, முழங்காலுக்குக் கீழே, கொடுத்தவர். இப்போது சோமனூரில் தறி ஓட்டுகிறார். அன்று பொருத்திய செயற்கைக் கால் இன்று தொளதொளத்துவிட்டது. மீதிக் காலில் துணி உறைமேல் உறை மாட்டித் திணித்துத்தான் நடக்கிறார். அந்தக் காலோடு வள்ளி கும்மி பழக வந்துவிட்டார். தை மாதம் அரங்கேற்றம். ஊரே ஆடும்போது தானும் ஆடவேண்டும் என்பது அவர் ஆசை.

கும்மி வாத்தியார் பக்கத்தில் வந்தார். "ஏனுங்க, கால் வலிக்குதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்குதுங்க. சித்த காத்து வாங்கலாம்னு உக்காந்தனுங்க."

உறையில் ரத்தம் கசிந்திருந்தது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"மாமா, புதுக் கால் மனு விஷயமா ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சே, அவங்க கேட்டப்பவும் இதையேதான் சொன்னீங்களா?"

மாமா மீசையைத் தடவினார். "நல்ல பையன் கண்ணு அவன். 'கால் எப்படிங்கய்யா இருக்குது'ன்னு மரியாதையாக் கேட்டான். நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி, ஊட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டேன்."

முடிந்தது கதை! புதுக் கால் கேட்டு நான் போட்ட மனு, குறை ஏதுமில்லை என்று மூடப்பட்டது அதனால்தான். அந்த மனு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இங்கிருந்து சென்னைக்குப் போனது. பழைய செயற்கைக் கால் கொடுத்த இடத்திலேயே கேளுங்கள் என்று திரும்பி வந்தது. பிறகு, போன கால் இன்னும் இல்லாமல்தான் இருக்கிறது என்று டாக்டரிடம் சான்று வாங்கச் சொன்னார்கள். "மொளைச்சிருக்குமோன்னு சந்தேகம் போல" என்று மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் காய்ச்சலில் கிடப்பவரைக் கேட்டாலும் முதலில் "நல்லா இருக்கறனுங்க" என்றுதான் சொல்வார். மறுபடியும் கேட்டால்தான் நிஜம் வரும். மறுபடியும் கேட்க எந்த ஆபீசிலும் விதி கிடையாது. நேரில் வந்து உறையைக் கழற்றிப் பார்க்க ஆளும் கிடையாது.

சரி, மாமாவைப் பழக்கிவிட வேண்டியதுதான். மறுநாளே ஒத்திகை வைத்தேன். சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நான் அதிகாரி.

"சொல்லுங்க, கால் எப்படி இருக்குது?"

"பரவால்லீங்க..."

"மாமா!"

சமையலறையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். "துப்பாக்கி புடிச்ச ஆளு, வலிக்குதுன்னு சொல்றதுக்கு நடுங்கறதைப் பாரு!"

"அது எதிராளி. இவங்க நம்ம ஆளுங்கல்ல? மூஞ்சிக்கு நேரா குறை சொன்னா மனசு நொந்துபோவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே அவர் கன்னத்தைக் கிள்ள வேண்டும் போலவும் இருந்தது. எத்தனையோ தடவைக்குப் பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வலிக்குதுங்க. ஆனா, உங்களுக்குச் சிரமமா இருந்தா..."

அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அந்த ஆபீசுக்கு நேரிலேயே போகிறோம். பேசப்போவது மாமாதான். நான் வாயைத் திறந்தால் படித்த திமிர் என்று என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். "வலிக்குதுங்க" வரைக்கும் அவர் பொறுப்பு. "ஆனா" வருவதற்குள் நான் குனிந்து வாரை அவிழ்த்து, காலைக் கழற்றி அதிகாரியின் மேசைமேல் வைத்துவிடுவேன். ரத்தம் ஊறிய உறையோடு.

மாமா சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"மேசை மேல வேண்டாம் கண்ணு. அவங்க சோறு திங்கற எடமா இருக்கும். பக்கத்துல ஒரு சேர் கேட்டு வாங்கிக்கலாம்."