மண்புழுவும் மொன்ரிசோரிப் பட்டதாரியும்

வார்னிஷ் மணம் மூக்கில் ஏறினால் போதும், நான் மொன்ரிசோரியில் படித்தவன் என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிடுவேன். ரொறொன்ரோவில் அதற்கு ஒரு தனி மரியாதை உண்டு. யாழ்ப்பாணத்தில் பாலர் வகுப்பு எல்லாவற்றுக்குமே அதுதான் பெயர் என்பதை மட்டும், வெட்கமில்லாமல், இன்றுவரை மறைத்து வந்திருக்கிறேன்.

பிள்ளை தன் கையால் தொட்டுத் தானே கண்டுபிடிக்க வேண்டும், பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும் என்பது மொன்ரிசோரித் தத்துவம். அதற்கென்றே செய்த, வார்னிஷ் பூசிய மரக்கட்டைகளை எங்கள் பாலர் வகுப்புப் பவளம் ரீச்சர் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். "கண்ணால பாக்கிறது, கையால தொடுறேல்லை" என்பதே எங்கள் முழுக் கல்வி. சுற்றாடல் பாடத்துக்குச் செவ்வரத்தம் பூவைக் கரும்பலகையில் கீறுவார். யன்னலுக்கு வெளியே நிசச் செவ்வரத்தை பூத்துத் தொலைத்ததால், எங்கள் கவனம் சிதறாதிருக்க யன்னலைச் சாத்திவிடுவார். மண்ணில் கை வைத்தவனுக்கு "ஊத்தைவாளி" என்று பட்டம்.

போன வசந்தத்தில் நாலு வயது மகள் கயலை, ரொறொன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள மொன்ரிசோரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே இடம் கிடைக்காவிட்டால் மனைவி சுமதி நாள்தோறும் அவளைப் பக்கத்து ஊர் அஜக்ஸில் உள்ள பள்ளிக்கு ஏற்றிப்போய் இறக்கிவிட்டே வேலைக்கு ஓட வேண்டும். அந்தக் கவலையில் அவள் சரியாகத் தூங்கவில்லை. வயலை வழித்து வீடுகள் கட்டி, பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மண்ணென்றால் என்னவென்று காட்டக் கடையில் பை பையாக மண் வாங்கிப் பள்ளித் தோட்டத்தில் கொட்டியிருந்தார்கள். குட்டி மண்வெட்டிகள், குட்டி வாளிகள், அவற்றைக் கோயிலில் நிற்பதுபோல் பார்த்து நின்ற பெற்றோர். பள்ளியில் சேர்ப்பதற்கான நேர்முகமும் அந்தத் தோட்டத்தில்தான்: பிள்ளை விரும்பியதைச் செய்யும், பெற்றோர் குறுக்கிடக்கூடாது. நானும் உங்கள் முறையில் வளர்ந்தவன்தான் என்று தலைமை ஆசிரியையிடம் அளந்துவிட்டு, ஞானிபோல் வாங்கில் அமர்ந்தேன்.

கயல் மண்ணைக் கிளறி ஒரு மண்புழுவைக் கண்டாள். குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்ல உள்ளங்கையில் எடுத்தாள். ஆசிரியையின் முகம் மலர்ந்தது.

"தொடாதை, ஊத்தை!"

கத்தியது நான்தான். பாய்ந்துபோய்ப் புழுவைத் தட்டிவிட்டு, ஈரத்தாளால் பிள்ளையின் கையைத் துடைக்கத் தொடங்கினேன்.

"அப்பா, ஸ்டொப். அது என்ர" என்றாள் கயல். சுமதி வானத்தைப் பார்த்தாள்.

பவளம் ரீச்சரின் பள்ளிக்கூடம் இன்று இல்லை. அந்த இடத்தில் ஏதோ போன் கடையாம். அலுமாரியும் கட்டைகளும் யார் வீட்டு அடுப்பில் எரிந்தனவோ தெரியாது. எனக்குத் துளியும் துக்கமில்லை.

சில நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தார்கள். பேசி முடித்த சுமதி, விட்ட இடத்திலிருந்து வெங்காயத்தை வெட்டியபடி சொன்னாள்:

"பிள்ளையை எடுக்கினமாம். உங்களை மட்டும் கேற்றுக்கு வெளியில நிக்கட்டாம்."